பீட்டில் பின்பக்கம் சொன்ன பேச்சு கேட்க மாட்டேன் என்கிறது: செங்கல் களத்தில் சறுக்க செட்டிங் வேண்டும்

ஆமை66

அண்ணன்மாருக்கு வணக்கம். தக்கலைப் பக்கம் இருக்கிறேன். மாமா விட்டுப்போன 1966 மாடல் ஃபோக்ஸ்வேகன் பீட்டில் கார், பின்னால் 1300 இன்ஜின், ஸ்விங் ஆக்சில். ஒரு வருஷம் பாடி வேலை பார்த்து இப்போதுதான் ஓடுகிறது. தோவாளைப் பக்கம் சித்தப்பாவுக்கு செங்கல் சூளை ஒன்று இருக்கிறது. மழை பிடித்தால் கல் அறுக்க முடியாது, களம் சும்மா கிடக்கும். ஒரு ஏக்கருக்கு மேல் வெறும் செம்மண், ஆள் இல்லை, மாடு இல்லை, சுற்றி வேலி. அதில் வண்டியை நன்றாகச் சறுக்கிப் பழகலாம் என்று ஆசை.

போன ஞாயிறு நல்ல மழைக்குப் பிறகு போனேன். இரண்டாவது கியரில் ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்து ஆக்சிலேட்டரை மிதித்தால் வண்டி நேராகத்தான் போகிறது, முன் சக்கரம் சேற்றைத் தள்ளிக்கொண்டே உழுகிறது. வேலி கிட்டே வருகிறதே என்று பயந்து காலை எடுத்தேன் பாருங்கள், அடுத்த நொடி வண்டி வந்த திசையைப் பார்த்து நிற்கிறது. உடைந்த கல் குவியலில் பின்பக்கம் இடித்து இடது மட்கார்டு நெளிந்தது, டெயில் லாம்ப் கண்ணாடி போச்சு. ஒன்று உழுகிறது, இல்லையென்றால் சுற்றுகிறது, நடுவில் ஒன்றுமே இல்லை. அந்த நடுவுக்குத்தான் செட்டிங் கேட்கிறேன்.

இப்போது இருப்பது: நாலு டயரும் ரேடியல், நாலிலும் காற்று 30. ஷாக் புதுசு. பின்பக்கம் கொஞ்சம் தூக்கலாக நிற்கிறது, ரோடு மோசம் என்று மாமா தூக்கி வைக்கச் சொன்னாராம்.

நானோக்காரன்

ரொம்ப சிம்பிள் மக்கா. பின் டயரில் காற்று 45 அடி, டிஃபரன்ஷியலை வெல்டிங் வைத்து அடைத்துவிடு, இரண்டு பின் சக்கரமும் ஒன்றாகச் சுற்றட்டும், ஹேண்ட் பிரேக்கை டைட் பண்ணு. பின்பக்கப் பிடி போனால் சறுக்கும், அவ்வளவுதானே. யூடியூபில் பார்க்கிற வண்டி எல்லாம் அப்படித்தான்.

பழைய ஸ்பேனர்

தம்பி, மேலே சொன்னதில் ஒன்றைக்கூடச் செய்துவிடாதே. முன்னால் இன்ஜின் இருக்கிற வண்டிக்குச் சொல்கிற வைத்தியத்தை இதற்குச் சொல்கிறார். அந்த வண்டிகளில் பாரம் முன்னால், உதைக்கிற சக்கரம் பின்னால். பின்பக்கம் லேசு என்பதால் பிடியைக் குறைத்தாலும் மூக்கு நங்கூரம் மாதிரி பிடித்து இழுத்துக்கொள்ளும். உன் பீட்டிலில் மொத்த எடையில் அறுபது சதவீதம் அளவுக்குப் பின் சக்கரத்தின் மேல். அதிலும் இன்ஜின் ஆக்சிலுக்குப் பின்னால் தொங்குகிறது. கயிற்றில் கல்லைக் கட்டிச் சுழற்றுகிற மாதிரிதான். புறப்பட நேரம் எடுக்கும், புறப்பட்டால் நிற்காது. உனக்குப் பின்பக்கம் ஏற்கனவே அளவுக்கு மேல் கிளம்புகிறது. கிளம்புவதைப் பைய கிளம்ப வைப்பதுதான் வேலை. முன்பக்கத்துக்குப் பிடி கொடு, பின்பக்கத்தை ஒழுங்குக்குக் கொண்டு வா, அதற்கு அப்புறம் சறுக்கலாம்.

நீ எழுதியதில் எனக்குப் பகீர் என்றது "தூக்கலாக நிற்கிறது" என்ற வார்த்தைதான். ஸ்விங் ஆக்சில் என்றால் என்ன? சக்கரமும் ஆக்சில் குழாயும் ஒரே துண்டு. மடங்குகிற இடம் கியர்பாக்ஸ் பக்கத்தில் மட்டும். பாடி மேலே போனால் சக்கரத்தின் கால் உள்ளே போகும், தலை வெளியே சாயும். வீட்டில் பின்பக்கம் ஜாக்கி வைத்துத் தூக்கிப் பார், இரண்டு சக்கரமும் அடியில் மடங்கிக்கொண்டு வரும். வளைவில் வேகமாகத் திரும்பும்போது வெளிப்பக்க டயர் ரோட்டைக் கடித்து பாடியை மேலே தூக்கும். தூக்கத் தூக்க அந்தச் சக்கரம் மடங்கும், மடங்க மடங்க இன்னும் தூக்கும். டயர் அகலம் முழுக்க மிதிக்க வேண்டியது ஓர விளிம்பில் நிற்கும். நீ காலை எடுத்த நொடியில் பாரம் முன்னால் ஓடிப் பின்பக்கம் லேசாகித் தூக்கிக்கொண்டது, சக்கரம் மடங்கியது, போயிற்று. மாமா ரோட்டுக்காகச் செய்தார், அவரைக் குறை சொல்லவில்லை. ஆனால் பாதி மடங்கின நிலையிலேயே அந்த வண்டி நிற்கிறது.

ஒரு தூக்குக் குண்டு எடு, கொத்தனாரிடம் இருக்கும். சமதரையில் வண்டியை நிறுத்தி, கொஞ்ச தூரம் முன்னும் பின்னும் உருட்டி நிறுத்து, ஜாக்கி வைத்து இறக்கின கையோடு அளக்காதே. நூலைப் பின் சக்கரத்துக்கு நேரே பிடித்து ரிம்மின் மேல் விளிம்புக்கும் கீழ் விளிம்புக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று மில்லிமீட்டரில் சொல்.

காற்றாலை

ஸ்பேனர் அண்ணாச்சி சொன்னதோடு ஒன்று. நாலு டயரிலும் 30 என்பது பஞ்சர் கடைக்காரர் கை. அவருக்கு எல்லா வண்டியும் ஆல்டோதான். பீட்டிலுக்குப் பழைய 5.60-15 டயரில் கம்பெனி சொன்னது முன்னால் 16, பின்னால் 24 என்ற கணக்கில்தான். எண்ணைவிட அந்த வித்தியாசம்தான் முக்கியம். முன் டயர் மெத்தென்று இருந்தால் முன்பக்கம் கொஞ்சம் சோம்பலாகத் திரும்பும், பின் டயர் விறைப்பாக நின்று பின்பக்கத்தைப் பிடிக்கும். நாலையும் ஒன்றாக்கினால் அந்த ஏற்பாடே போய்விட்டது. அமெரிக்காவில் ஷெவர்லே கோர்வேர் என்று ஒரு பின் இன்ஜின் கார், அதற்கு முன்னால் 15, பின்னால் 26 என்று புத்தகத்தில் போட்டிருந்தது. பெட்ரோல் பங்கில் அதை யார் பார்த்தார்கள்? சமமாக அடித்துவிட்டுப் போனார்கள், வண்டி சுற்றுகிறது என்று கெட்ட பெயர் வந்ததில் இதற்கும் பங்கு உண்டு.

நான் ஆரல்வாய்மொழிக்காரன். இங்கே ஆடி மாதக் காற்றில் பீட்டில் ஓட்டிப் பார்த்தவனுக்கு முன்பக்கம் எவ்வளவு லேசு என்று யாரும் சொல்லித் தர வேண்டாம். முப்பந்தல் தாண்டும்போது பக்கவாட்டுக் காற்று மூக்கைத் தள்ளும், பாரம் எல்லாம் பின்னால் கிடப்பதால் வண்டி காற்றாடி வால் மாதிரி திரும்பப் பார்க்கும். ஒரு முறை டேங்கில் கால்வாசி பெட்ரோலோடு வந்தேன், மறுமுறை முழு டேங்க். இரண்டும் வேறு வேறு வண்டி. டேங்க் முன்னால் இருக்கிறது, 40 லிட்டர், அதாவது 30 கிலோ. ஸ்டெப்னியும் முன்னால். களத்துக்குப் போகும்போது இடம் அடைக்கிறது என்று ஸ்டெப்னியைக் கழற்றி வைத்துவிட்டுப் போனாயா?

ஆமை66

கழற்றி வைத்துவிட்டுத்தான் போனேன் அண்ணா. எடை குறையட்டும் என்று. டேங்கிலும் ரிசர்வ்தான் இருந்தது. இப்போது படிக்க வெட்கமாக இருக்கிறது.

தூக்குக் குண்டு அளவு: இரண்டு பின் சக்கரத்திலும் ரிம்மின் தலை 14 மில்லி வெளியே. வலதில் 15 என்றும் சொல்லலாம்.

பழைய ஸ்பேனர்

நாற்பது சென்டி உயரத்தில் 14 மில்லி என்றால் இரண்டு டிகிரி பாசிட்டிவ் கேம்பர், அதாவது சக்கரத்தின் தலை அவ்வளவு வெளியே சாய்ந்திருக்கிறது. ஆள் ஏறாமல், சாமான் ஏற்றாமல் நிற்கும்போதே இப்படி. நீ தலைகுப்புறக் கவிழாமல் கல் குவியலோடு தப்பியது பெரிய காரியம். தார் ரோட்டில் இதைச் செய்திருந்தால் சேறு மாதிரி வழுக்கி விட்டுக் கொடுத்திருக்காது, டயர் கடித்துப் புரட்டியிருக்கும்.

தோட்டத்து ரோடு

களத்தில் என்னத்துக்குச் சேற்றில் கிடந்து உருள வேண்டும்? கீரிப்பாறை ரோட்டுக்கு வா, விடிகாலையில் ஒரு ஈ காக்கா இருக்காது, வளைவு வளைவாக இருக்கிறது.

பழைய ஸ்பேனர்

விடிகாலையில் ஈ காக்கா இருக்காது, ரப்பர் வெட்டுகிற ஆட்கள் இருப்பார்கள். தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு அந்த நேரத்தில்தான் வரிசையாக நடப்பார்கள். பொது ரோட்டில் இந்த வேலை செய்தால் மோட்டார் வாகனச் சட்டம் 184, 189 இரண்டுமே பேசும். அதையெல்லாம் விடு, மனுஷ உயிர். இந்த இழையில் இனி ரோட்டுப் பேச்சு வந்தால் நான் எழுதுவதை நிறுத்திக்கொள்வேன்.

தோட்டத்து ரோடு

சரி அண்ணாச்சி, வாபஸ்.

மஸ்கட்12வருஷம்

இப்போதுதான் முழுசும் படித்தேன். மஸ்கட்டில் இருந்தபோது என் பக்கத்து பிளாட் ஆள் இரண்டு பீட்டில் வைத்திருந்தார், வெள்ளிக்கிழமை முழுக்க அடியில்தான் கிடப்போம். கம்பெனியே இந்த மடங்குகிற வியாதிக்கு மருந்து தேடியது. 1967 மாடலில் பின்னால் இசட் பார் என்று ஒரு கம்பி வைத்தார்கள். வண்டி சாய்வதைத் தடுக்கிற சாதாரண ஆன்டி ரோல் பார் மாதிரி நினைக்காதீர்கள், இது வேலை செய்கிற விதமே வேறு. ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் இறங்கினால், அதாவது வண்டி சாய்ந்தால், அது ஒன்றும் செய்யாது. இரண்டு சக்கரமும் சேர்ந்து ஏறும்போது மட்டும் தாங்கும். அதனால் டார்ஷன் பாரை, அதாவது ஸ்பிரிங்காக வேலை செய்கிற முறுக்குக் கம்பியை, மெல்லிசாக்க முடிந்தது. பின்பக்கம் சாய்வை எதிர்ப்பது குறைந்தால் வெளிப்பக்கப் பின் டயர் மேல் திடீரென்று விழுகிற பாரமும் குறையும். பிறகு 1969-ல் அமெரிக்காவுக்குப் போன பீட்டில்களில் ஸ்விங் ஆக்சிலையே எடுத்துவிட்டு இரண்டு ஜாயின்ட் ஆக்சில் போட்டார்கள். உன்னுடையது 1966, அதனால் இரண்டும் இல்லை.

வெளிக் கடையில் கேம்பர் காம்பென்சேட்டர் என்று கிடைக்கும். கியர்பாக்ஸ் அடியில் குறுக்கே போகிற ஒரு பட்டை ஸ்பிரிங், இரண்டு முனையும் ஆக்சில் குழாய்க்கு அடியில். சக்கரம் மடங்கி இறங்கப் பார்த்தால் விடாது. கோர்வேருக்கும் 1964-ல் கம்பெனியே இதே மாதிரி ஒரு குறுக்குப் பட்டை வைத்தது. அது கிடைக்காவிட்டால் பட்டா கட்டுவார்கள், ஆக்சில் குழாயிலிருந்து பாடிக்கு நைலான் பட்டா, ஒரு அளவுக்கு மேல் சக்கரம் கீழே தொங்காது.

அப்புறம் பின் இன்ஜின் என்றாலே சறுக்க லாயக்கில்லை என்று யாராவது சொன்னால் நம்பாதே. 1968-ல் விக் எல்ஃபோர்டு மான்டே கார்லோ ரேலியை ஜெயித்தது போர்ஷே 911-இல். அடுத்த இரண்டு வருஷமும் அதே வண்டியில் பியோர்ன் வால்டெகார்டு. பனி ரோடு, உதைக்கிற சக்கரத்தின் மேலேயே பாரம், மற்றவன் சக்கரம் சும்மா சுற்றும்போது இவர்கள் ஏறிப் போவார்கள். அந்த 911-க்கும் ஆரம்பத்தில் இதே மூக்கு லேசு வியாதிதான். முன் பம்பர் இரண்டு மூலையிலும் 11 கிலோ இரும்புக் கட்டி வைத்துச் சமாளித்தார்கள். 1969 மாடலில் பின் சக்கரத்தை 57 மில்லி பின்னுக்குத் தள்ளி வைத்த பிறகுதான் இரும்புக்கட்டி தேவைப்படவில்லை.

நானோக்காரன்

இரும்புக் கட்டியா? அப்படியானால் மணவாளக்குறிச்சி கருமணல் ஒரு மூட்டை போதும், சாதா மணலைவிட கனம் அதிகம்.

காற்றாலை

வண்டியைச் சறுக்கியதற்கு விடுவார்கள், கருமணல் மூட்டைக்கு விட மாட்டார்கள். ஆற்று மணலுக்கே பில் கேட்கிற காலம். எம் சாண்டு 20 கிலோ போடு, ஆனால் கயிறு போட்டு இறுக்கிக் கட்டு. கட்டாத மூட்டை டேங்க் மேலே உருளும்.

ஆமை66

அண்ணாச்சி, இறக்குவது எப்படி? ஸ்பிரிங்கே கண்ணில் படவில்லை. லோக்கல் மெக்கானிக் ஒருவர் ஸ்பிரிங்கை வெட்டினால் இறங்கும் என்று சொல்லிவிட்டுக் குனிந்து பார்த்தார், வெட்ட ஒன்றும் இல்லை, எழுந்து டீ குடிக்கப் போய்விட்டார்.

பழைய ஸ்பேனர்

அவர் நல்லவர், தெரியாததைத் தொடாமல் போனாரே.

டார்ஷன் பார் என்பது குறுக்குக் குழாய்க்குள் படுத்திருக்கிற கம்பி. முறுக்குவதுதான் அதன் ஸ்பிரிங் வேலை. உள் முனை நடுவில் கடித்திருக்கும், 40 பல். வெளி முனை ஸ்பிரிங் பிளேட்டில், அதாவது ஆக்சில் குழாயோடு சேருகிற பட்டையில், கடித்திருக்கும், 44 பல். உள்ளே ஒரு பல் என்றால் 9 டிகிரி, வெளியே ஒரு பல் என்றால் 8 டிகிரியும் கொஞ்சமும். உள்ளே ஒரு பல் ஒரு பக்கம், வெளியே ஒரு பல் எதிர்ப்பக்கம் திருப்பினால் மிச்சம் ஒரு டிகிரிகூட இல்லை, 50 நிமிடம். சக்கரத்தில் அது ஆறு மில்லி உயரம். இரண்டு எண்ணையும் வேறுவேறாக வைத்த ஆளின் மூளைக்கு ஒரு கும்பிடு போடலாம். தெரியாதவன் வெளிப்பல் ஒன்றை மட்டும் மாற்றுவான், வண்டி ஒரேயடியாக ஆறு சென்டி இறங்கும், பிறகு அதுவும் ஒரு கோலம்.

உனக்கு ஏறக்குறைய 24 மில்லி இறங்கினால் போதும். நாலு பல் உள்ளே, நாலு பல் வெளியே எதிர்ப்பக்கம். இந்த ஆக்சிலில் ஒரு சென்டி இறங்கினால் ஏறக்குறைய ஒரு டிகிரி கேம்பர் மாறும், அதனால் உன் இரண்டு டிகிரி பாசிட்டிவ் போய் நெகட்டிவில் ஒரு சொட்டு நிற்கும். அதற்கு மேல் இறக்காதே, களத்து மேட்டில் அடி தட்டும்.

ஆரம்பிக்குமுன் பிளேட் எந்தக் கோணத்தில் தொங்குகிறது என்று அளந்து சுவரில் எழுதி வை, பேப்பர் தொலையும். இரண்டு பக்கத்தையும் ஒன்றாகக் கழற்றாதே, ஒன்றைப் பார்த்து மற்றொன்றைச் செய். ஸ்பிரிங் பிளேட் கீழே ஒரு ஸ்டாப் மேல் முறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். நெம்பி விட்டால் கண் இமைக்கும் நேரத்தில் கீழே அடிக்கும், அந்த வழியில் கால் இருந்தால் கால் இருக்காது. அடியில் ஜாக்கி, மேலே சங்கிலி, பைய இறக்கு. ஆக்சில் குழாயும் பிளேட்டும் சேருகிற போல்ட் ஓட்டை நீளமாக இருக்கும், கழற்றுமுன் உளியால் ஒரு கோடு போட்டுக்கொள். திரும்ப மாட்டும்போது கோட்டிலிருந்து குழாயை ஒரு மில்லி முன்னால் தள்ளி இறுக்கினால் பின் சக்கரம் கொஞ்சம் உள்பார்வை பார்க்கும். உள்பார்வை நல்லது. வெளிப்பார்வை போனால் நீ காலை எடுக்கவே வேண்டாம், அதுவே திரும்பும்.

ஆமை66

(பதினெட்டு நாள் கழித்து)

செய்தாயிற்று. மூன்று நாள் என்று நினைத்தது இரண்டு வாரம் ஆனது, நடுவில் ஒரு கல்யாணம். வலது பக்கம் முதல் தடவை எதிர்த் திசையில் பல்லைத் திருப்பி விட்டேன், வண்டி ஒரு பக்கம் இறங்கி மறுபக்கம் இன்னும் ஏறி நின்றது. அம்மா பார்த்துவிட்டு "இதுக்கு சுளுக்கு எடுக்கணும்" என்றாள். மறுபடி கழற்றி மாட்டினேன். இப்போது தூக்குக் குண்டில் ரிம்மின் தலை 2 மில்லி உள்ளே, இரண்டு பக்கமும். காம்பென்சேட்டர் கிடைக்கவில்லை, லாரி சரக்கு கட்டுகிற பட்டா வாங்கி இரட்டையாக மடித்துத் தைத்து மாட்டியிருக்கிறேன். வண்டி தன் எடையில் நிற்கிற இடத்திலிருந்து நாலு சென்டிக்கு மேல் சக்கரம் கீழே போகாது.

காற்று முன் 18, பின் 27. முன்பக்கம் டோ சைபர், சக்கரம் உள்பார்வையும் இல்லை, வெளிப்பார்வையும் இல்லை. ஸ்டெப்னி உள்ளே, டேங்க் முழுசு, எம் சாண்டு 20 கிலோ கட்டியிருக்கிறது. சறுக்கப் போகுமுன் ஆசாரிபள்ளம் வரை சும்மா ஓட்டிப் பார்த்தேன், வீட்டில் உள்ளவர்களே வித்தியாசம் சொன்னார்கள், பின் சீட்டில் ஆடவில்லையாம்.

கேள்வி: முன்பக்க ஆன்டி ரோல் பார் மொத்தமானது ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. போடலாமா?

மஸ்கட்12வருஷம்

போடலாம். முன்பக்கம் சாய்வை அதிகம் தாங்கினால் பின் டயர் மேல் சுமை மாறுவது குறையும், பின்பக்கம் அமைதியாகும். ரோட்டுக்கு அருமையான பார்ட்.

பழைய ஸ்பேனர்

ரோட்டுக்கு அருமை, ஒப்புக்கொள்கிறேன். சேற்றுக் களத்துக்கு நான் போட மாட்டேன். அவன் முதல் புகாரே முன்பக்கம் உழுகிறது என்பதுதான், மொத்தமான பார் அதைத்தான் கூட்டும். ஈர மண்ணில் வண்டி அவ்வளவு சாய்வதும் இல்லை. ஒரிஜினல் பார் இருக்கட்டும். காசு மிச்சம் இருந்தால் ஸ்டியரிங்கை முதலில் பார், எவ்வளவு சும்மா ஆடுகிறது?

ஆமை66

ஸ்டியரிங் விளிம்பில் ஐந்து சென்டி போல ஆடும் அண்ணாச்சி.

பழைய ஸ்பேனர்

ஐந்தா! பின்பக்கம் போகத் தொடங்கினதும் எதிர்ப்பக்கம் திருப்ப உனக்குக் கிடைப்பது அரை நொடி. அதில் பாதியை அந்த ஐந்து சென்டி தின்றுவிடும். டை ராட் முனை, ஸ்டியரிங் பாக்ஸ், சக்கர பேரிங் மூன்றையும் பார்க்காமல் களத்துக்குப் போகாதே. எல்லா செட்டிங்கிலும் முதல் செட்டிங் இதுதான், நான்தான் கேட்க மறந்தேன்.

மஸ்கட்12வருஷம்

முன்னால் கேஸ்டரும், அதாவது சக்கரம் திரும்புகிற அச்சு பின்னால் சாய்ந்திருக்கிற கோணமும், பார்க்கலாம். கீழ் டார்ஷன் குழாய்க்குப் பின்னால் ஷிம், அதாவது மெல்லிய தகடு, வைத்தால் கேஸ்டர் கூடும், எதிர்த் திருப்பு கொடுத்த பிறகு ஸ்டியரிங் தானே திரும்பி வரும். பின்பக்கம் 24 மில்லி இறக்கியதிலேயே கொஞ்சம் கூடியிருக்கும். அது போதாவிட்டால் மட்டும் ஷிம்.

நானோக்காரன்

ஒரு உண்மையைச் சொல்கிறேன். என் நானோவும் பின் இன்ஜின்தானே, நானும் ஒரு காலி மனையில் மழையில் பார்த்தேன். எவ்வளவு செய்தும் மூக்குதான் நேராகப் போகிறது, பின்பக்கம் கொடுக்கவே இல்லை. 45 காற்று அடித்தும் பார்த்துவிட்டேன். அந்த வீம்பில்தான் முதலில் அப்படி எழுதினேன்.

காற்றாலை

உன் வண்டி டயரைப் படித்துப் பார். முன்னால் 135, பின்னால் 155. பின் இன்ஜின் வண்டியை யார் கையில் கொடுத்தாலும் சுற்றக் கூடாது என்று அதற்காகவே முன்னால் ஒல்லியாகக் கொடுத்திருக்கிறார்கள். மேலே ஸ்பேனர் அண்ணாச்சி சொன்னதை டாடா உனக்கு ஷோரூமிலேயே செய்து கொடுத்துவிட்டது. நாலையும் ஒரே அளவாக்க நினைக்காதே.

டயர் பேச்சு வந்ததால் ஆமைக்கும் ஒன்று. ரேடியல் கடைசி வரை பிடித்துவிட்டு சட்டென்று விடும். பழைய நைலான் டயர் முன்கூட்டியே வழுக்கத் தொடங்கி, வழுக்கிக்கொண்டே இருக்கும், பழகுகிறவனுக்கு அதுதான் வாத்தியார். அம்பாசடர் 5.90-15 எங்காவது தேறினால் களத்துக்கென்று ஒரு ஜோடி வைத்துக்கொள்.

பழைய ஸ்பேனர்

ஜோடி வேண்டாம், வாங்கினால் நாலு. முன்னால் ரேடியல் பின்னால் நைலான் என்று கலந்து மாட்டி, களத்தில் நன்றாக இருக்கிறதே என்று அப்படியே வீட்டுக்கு ஓட்டி வருவான். ரோட்டில் அதைவிட மோசமான கலவை கிடையாது.

கோவைக்கு நாலு தடவை

ஆட்டோகிராஸ், அதாவது மண் களத்தில் நடக்கிற கார் பந்தயம், ஓட்டப் போய் வந்திருக்கிறேன், பெரிய ஆள் எல்லாம் இல்லை, ஒரு தடவைகூடக் கப் வாங்கவில்லை. செட்டிங் பற்றி அண்ணாச்சி சொல்லிவிட்டார், காலைப் பற்றி யாரும் சொல்லவில்லை.

1300 இன்ஜினுக்கு 40 குதிரை. உதைத்துச் சறுக்க வைக்கிற பவர் இல்லை, காய்ந்த தாரில் கனவிலும் நடக்காது. மிதித்தால் என்ன ஆகும்? வண்டி பின்னால் குந்தும், பின் டயர் நன்றாகக் கடிக்கும், முன் டயர் தூக்கி உழும். நீ முதல் நாள் பார்த்தது அதுதான், வண்டி மேல் குற்றமே இல்லை. அதனால் சறுக்கலை நுழையும்போதே தொடங்க வேண்டும். நேராக வரும்போது லேசாக பிரேக் தொடு, மூக்கு அமுங்கும். அமுங்கி இருக்கும்போதே திருப்பு, இப்போது முன்பக்கம் கடிக்கும், பின்பக்கம் லேசாக இருப்பதால் நகரத் தொடங்கும். நகரத் தொடங்கின அந்த நேரத்தில் ஆக்சிலேட்டரில் கால் திரும்ப வந்திருக்க வேண்டும், பாதி அளவு, ஒரே சீராக. கண்ணால் பார்த்த பிறகு எதிர்த் திருப்பு கொடுத்தால் இந்த வண்டியில் லேட். பிருஷ்டத்தில் தெரியும்போதே கொடு. பின்னால் பாரம் குந்தக் குந்த சறுக்கல் அடங்கும், இன்னும் வேண்டுமென்றால் அரை இன்ச் காலைத் தளர்த்து, திரும்ப வை. அந்த அரை இன்ச்தான் உனக்கு ஸ்டியரிங்.

பயந்தாலும் காலை முழுசாக எடுக்காதே. வேலி வருகிறதா, கிளட்ச் பிரேக் இரண்டையும் சேர்த்து மிதி, நாலு சக்கரமும் பூட்டி வண்டி போகிற திசையிலேயே வழுக்கி நிற்கும், கல் குவியலைத் தேடிப் போகாது. ஹேண்ட் பிரேக் குறுகின வளைவுக்கு மட்டும், இழுக்கும்போது கிளட்சை மிதிக்க வேண்டும்.

பழைய ஸ்பேனர்

இதை நான் எழுதியிருக்க முடியாது. கூட ஒன்று, இன்ஜின் ஆயில். மொத்தமே இரண்டரை லிட்டர். வட்டமாகச் சுற்றிக்கொண்டே இருந்தால் ஆயில் ஒரு பக்கத்து ராக்கர் கவருக்குள் ஓடி ஒதுங்கும், பம்ப் காற்றை உறிஞ்சும். ஆயில் லைட் கண் சிமிட்டினால் உடனே நிறுத்து, "இன்னும் ஒரு சுற்று" என்று போனால் பேரிங் போய்விடும். ஒரே திசையில் வட்டம் போடாதே, எட்டு போடு. அப்புறம் இன்ஜினைச் சுற்றியுள்ள தகரமும் ரப்பர் பட்டையும் சரியாக இருக்கிறதா பார். இல்லையென்றால் கீழே போன சூட்டுக் காற்றையே ஃபேன் திரும்ப இழுக்கும். மூன்றாம் சிலிண்டர் ஏற்கனவே மற்றதைவிடச் சூடு, ஆயில் கூலர் மறைத்து நிற்கிறது.

ஆமை66

போய் வந்தேன். இரண்டு டை ராட் முனை மாற்றி, ஸ்டியரிங் பாக்ஸில் ஆட்டத்தைக் குறைத்து இப்போது ஒன்றரை சென்டிதான். கல் குவியலை சித்தப்பா ஆள் வைத்து ஓரத்துக்கு மாற்றிவிட்டார், என் மேல் பாசமா குவியல் மேல் பாசமா தெரியவில்லை.

முதல் அரை மணி நேரம் ஒன்றும் வரவில்லை, மறுபடி உழவுதான். பிரேக் தொட்டு முடித்து, காலை எடுத்து, அப்புறம் திருப்பிக்கொண்டு இருந்தேன், அதற்குள் மூக்கு மேலே வந்துவிடுகிறது. பிரேக்கில் கால் இருக்கும்போதே திருப்பிய முதல் தடவை பின்பக்கம் பைய, நிஜமாகவே பைய, வெளியே போனது. முன்பு மாதிரி அடிக்கவில்லை. கால் தானாக எடுக்கப் பார்த்தது, எடுக்கவில்லை, கத்திக்கொண்டே மிதித்தேன். ஐந்தாறு வண்டி நீளம் போனது. அதற்குப் பிறகு நாலு தடவை வந்தது, ஆறு தடவை சுற்றினேன், ஆனால் சுற்றியதும் எதனால் என்று எனக்கே தெரிந்தது, எல்லாமே லேட்டாகத் திருப்பியது. டேங்க் பாதிக்குக் கீழே இறங்கின பிறகு முன்பக்கம் மறுபடி மந்தமானது, காற்றாலை அண்ணன் சொன்னது அப்படியே. பட்டா இரண்டும் சேறு பிடித்து உரசியிருக்கிறது, வலது பக்கத்தில் தையல் ஒரு வரிசை விட்டுப்போச்சு.

பழைய ஸ்பேனர்

தையல் விட்ட பட்டாவோடு ஒரு சுற்றுகூடப் போடாதே. செருப்புத் தைக்கிறவரிடம் கொடுக்காமல் வடசேரியில் லாரிக்குத் தார்ப்பாய் தைக்கிற இடத்தில் கொடு, கட்டை நூலில் நாலு வரிசை ஓட்டித் தருவார்கள். பாடியில் உரசுகிற இடத்தில் பழைய டியூப் ரப்பர் சுற்று. சக்கரத்து நட்டு, ஸ்பிரிங் பிளேட் போல்ட் எல்லாம் திரும்ப ஒரு முறை இறுக்கிப் பார்.

நானோக்காரன்

அடுத்த தடவை போகும்போது சொல் மக்கா, நானும் வருகிறேன். வேலி ஓரம் குடை பிடித்துக்கொண்டு பார்க்கிறேன், வண்டி கொண்டுவரவில்லை.

ஆமை66

வாங்க. மழை பெய்தால் ஞாயிறு, இல்லையென்றால் சித்தப்பா கல் அறுக்க ஆள் விட்டுவிடுவார். அதற்கு முன்னால் 1966 பீட்டில் இடது டெயில் லாம்ப் கண்ணாடி யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள், இப்போதைக்குச் சிவப்பு பிளாஸ்டிக் டப்பா மூடியை வெட்டி ஒட்டியிருக்கிறேன்.